நீ தின்னாத பால்கோவா

மகனுக்கு அப்பா எழுதுவது. நலமா என்று கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் கடிதத்தைத் தொடங்குவார்கள். உன் நலத்தை நான் ஒருநாளும் உன் வாயால் கேட்டு நம்பியதில்லை. உன் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு காய்ச்சி, நிறத்தைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இப்போது சம்பிரதாயத்துக்குக் கேட்டால் நீயே சிரிப்பாய். வழக்கம்போல ‘ஏலே பால்கோவா’ என்றுதான் முதலில் எழுதினேன். எழுதி, அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று சொல்லத்தான் இத்தனை தாள். உனக்குத் தபாலில் அனுப்புவதோடு, எங்கள் மில் மன்றத்து ஆண்டு மலருக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு வயதான காலத்தில் பேர் ஆசை வந்துவிட்டது என்று நினைக்காதே. நாலு பேர் முன்னால் செய்த காரியத்தை நாலு பேர் முன்னால்தான் சொல்லவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துப் பிழைகளை டைம் ஆபீஸ் கிளார்க் திருத்திக் கொடுத்தார். மற்ற பிழைகளை அவராலும் திருத்த முடியாது.

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. தினமும் காலையும் மாலையும் ஊசி குத்திக்கொண்டே இருப்பதா, இல்லை இடுப்பில் இன்சுலின் பம்பைக் கட்டிக்கொள்வதா என்று அமெரிக்காவில் உன் டாக்டர் இந்த மாதத்துக்குள் பதில் கேட்கிறார் என்றும், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நீ சொன்னதும் அவர் சிரித்தார் என்றும் எழுதியிருந்தாய். இருபத்துநாலு வயது இளந்தாரி அப்பனைக் கேட்கிறான் என்றால் அந்த ஊரில் சிரிக்கத்தான் செய்வார்கள். அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. நீ கடைசியில் எழுதியிருந்த இரண்டு வரிதான் என்னை ஒன்பது நாளாக உட்காரவிடவில்லை. ‘எனக்குச் சின்ன வயசிலிருந்தே வாய்க்கட்டு கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். என்னை நம்புவதைவிட ஒரு மெஷினை நம்புவது நல்லது.’ இந்த வரிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மெஷின்.

அதன்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். போன தடவை லீவில் வந்தபோது பழகிப் பார்க்கக் கொடுத்தார்கள் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாயே, இடுப்பில் மாட்டும் பேஜர் மாதிரி கறுப்பாய், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுக்குள் போனது. உள்ளே மருந்துகூட இல்லை, பழகுவதற்கு வெறும் உப்புத் தண்ணீர் என்றாய். “உப்புத் தண்ணி ஏத்துறதுக்கா அமெரிக்கா போன? தூத்துக்குடி பஸ் ஏறியிருந்தா கடலே கெடக்கே” என்றேன். நீ சிரித்தாய். உன் அம்மா சிரிக்கவில்லை. அவள் உன் பனியனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எந்நேரமும் ஊசி உள்ளயே இருக்குமா? பொறவு எப்படிலே குப்புறப் படுப்ப?” என்று கேட்டாள். நான் பத்துக் கேள்வி கேட்டேன்; அவள் கேட்ட ஒன்றுக்குத்தான் நீ தலையைச் சொறிந்தாய்.

பம்போடு நீ கொண்டுவந்த வண்ண விளம்பரத் தாளையும் பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பம்பைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறாள். பல் முப்பத்திரண்டும் தெரிகிறது. வயிற்றில் ஊசி இருக்கும்போது அப்படிச் சிரிக்கிறவளை நம்பலாமா? எங்கள் மில்லுக்கு நூல் நூற்கும் புது ரிங் பிரேம் விற்க வந்தவரும் அப்படித்தான் சிரித்தார். “இத ஓட்ட ஆளே வேண்டாம், சுவிட்சப் போட்டுட்டு நீங்க டீ குடிக்கப் போகலாம்” என்றார். டீ குடிக்கப் போனவர் அவர்தான். ஆறு வாரத்தில் அந்த மெஷினின் வயிற்றைக் கிழித்து நான் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தேன். மெஷினைப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை பார்ப்பவனுக்கு ஒரு புத்தி உண்டு. ஓடுகிற மெஷினைப் பார்த்தால், இது எப்போது நிற்கும், எதனால் நிற்கும் என்றுதான் தோன்றும். அந்தத் தாளில் எட்டுப் பக்கம். மெஷின் நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒரு படம் இல்லை.

அதனால்தான் உன்னிடம் கெஞ்சி இரண்டு நாள் அதை வாங்கி, புது ஊசி மாட்டச் சொல்லி என் வயிற்றில் கட்டிக்கொண்டேன். உப்புத் தண்ணீர்தானே, என்னை என்ன செய்யும்? அதைக் கட்டிக்கொண்டே ஷிப்டுக்குப் போனதும் பயல்கள் சூழ்ந்துகொண்டார்கள். “என்ன மாமா, பேஜரா? யாரு கூப்பிடுதா?” என்றான் ஒருவன். “டெல்லியிலருந்து பிரதமர் கூப்பிடுதாரு, ஒன்னியப் பத்திப் புகார் வந்திருக்காம்” என்றேன். முதல் நாள் நீ சொல்லிக்கொடுத்தபடி ஒரு வேளை மருந்து விடும் பொத்தானை அழுத்திவிட்டுக் குழாயை மடக்கிக் கிளிப் போட்டேன். செத்த நேரத்தில் கத்தியது. சரி, அடைத்தால் கத்துகிறது, பரவாயில்லை என்று ஒரு மார்க் போட்டேன். மறுநாள் பிரேமுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபோது குழாய் எதிலோ சிக்கி, ஊசி தோலைவிட்டு வெளியே வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மில்லுக்குள் பனியன் எந்நேரமும் ஈரம்தான், உப்புத் தண்ணீர் ஈரம் எது, வேர்வை எது என்று யார் கண்டது? சாயங்காலம் குளிக்கப் போகும்போதுதான் பார்த்தேன். ஊசி வேட்டி மடிப்பில் தொங்குகிறது. அந்த மெஷினோ வாயே திறக்கவில்லை. உன்னிடம் காட்டினேன், நினைவிருக்கிறதா? பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, அன்று பகல் முழுக்கக் கொடுக்கவேண்டிய அத்தனையும் கொடுத்துவிட்டதாக அது காட்டுகிறது என்றாய். வேட்டிக்குக் கொடுத்திருக்கிறது.

ரிங் பிரேமில் நூல் அறுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சின்ன வயதிலேயே காட்டியிருக்கிறேன். நூல் அறுந்தாலும் அதை முறுக்கும் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும். பக்கத்தில் நடந்து, குனிந்து, ஒவ்வொரு நூலாகப் பார்க்கிறவனுக்குத்தான் அறுந்தது தெரியும். மெஷின் பொய் சொல்லவில்லை, பாவம். அதற்குத் தன் வேலை மட்டும்தான் தெரியும். வேலை போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. அன்று குளியலறையில் நின்றபடி இதையெல்லாம் நினைத்துப் பெரிய கெட்டிக்காரனாய் என்னை மெச்சிக்கொண்டேன். ‘அகப்பட்டானா கள்ளன்!’ என்று உன்னிடம் வந்து குதித்தேன். அப்புறம்தான், இந்த ஒன்பது நாளில், உன்னுடைய இரண்டு வரியைப் படித்துப் படித்து, எனக்கு வேறொரு கள்ளன் அகப்பட்டான்.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். உனக்குச் சர்க்கரைச் சீக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கத்தரிக்காயில் ஊசி குத்திப் பழகி, உன் தொடைக்கு வந்திருந்தேன். கண்ணாடி சிரிஞ்சை அலுமினிய டம்ளரில் போட்டு அம்மா கொதிக்கவைப்பாள். நான் மருந்தை இழுத்துக் குத்துவேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாடு சொல்வாய். நம் தெருவில் ஃபிரிட்ஜ் இருந்த வீடு ஒன்றோ இரண்டோ. மருந்து சீசாவை ஈர மணல் போட்ட பானைக்குள் வைத்திருந்தோம், அம்மா தினமும் தண்ணீர் தெளிப்பாள். ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது. எனக்குத்தான் குறையாகப் பட்டது. குளிர்ச்சியாக வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மில்லில் பஞ்சுக்கு ஈரக் காற்று அடிப்போம், காற்று காய்ந்தால் நூல் அறும், இன்னும் கொஞ்சம் ஈரம் ஏற்றினால் சரியாகிவிடும். அந்தப் புத்தியில், கொஞ்சம் குளிர்ச்சி நல்லதென்றால் நிறையக் குளிர்ச்சி நிறைய நல்லதுதானே என்று முடிவு செய்தேன். மில் கேட்டுக்கு எதிரே குச்சி ஐஸ் விற்பவர் ஒருவர் இருந்தார். அவருடைய ஐஸ் பெட்டியில் சீசாவை வைத்துவிட்டேன். காலையில் எடுத்துவந்து, கைக்குள் வைத்து உருட்டிக் கரைத்து, உனக்குக் குத்திவிட்டு, போகும்போது திரும்ப வைத்துவிடுவேன். ராஜபாளையத்திலேயே இப்படி மருந்து வைக்கிறவன் நான் ஒருவன்தான் என்று பெருமைவேறு.

சில நாளில், உன் மூத்திரம் காய்ச்சும் கண்ணாடிக் குழாயில் நிறம் மாறத் தொடங்கியது. நீலமாக நின்றது பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, பிறகு செங்கல் நிறம். ஊசியும் தவறாமல் போடுகிறேன், சர்க்கரையும் ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம்? பயல் எங்கேயோ தின்கிறான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உன் அத்தை, என் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரில் கொல்லையில் கடாய் போட்டுக் கடைகளுக்குப் பால்கோவா கிண்டிக் கொடுக்கிறாள். சனிக்கிழமைதோறும் நீ அங்கே போவாய். போதாதா? உன் கால்சட்டைப் பையைத் துழாவினேன். நகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து வாசலில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகூடப் பார்த்தேன். நீ பெல் அடித்ததும் குழாயடிக்கு ஓடித் தண்ணீர் குடித்தாய், குடித்துக்கொண்டே இருந்தாய். அதையும் சந்தேகப்பட்டேன், இனிப்புத் தின்றவனுக்குத்தானே தாகம் எடுக்கும்?

அக்கா வீட்டுக்கே போய் நின்றேன். கடாயிலிருந்து கரண்டியை எடுக்காமலே அவள் சொன்னாள்: “ஏலே, எம்புட்டுப் பால் இங்க கொதிக்குதுன்னு ஒனக்குத் தெரியும். அவன் வந்தா மோரும் சுண்டலுந்தான் குடுக்கேன். வழிச்ச கரண்டியக்கூட அவன் கண்ணுல காட்ட மாட்டேன். என் தம்பி மகனுக்கு நானே வெசம் வைப்பனா?” நான் நம்பவில்லை. அதற்கு மேல் நான் சொன்னதை இங்கே எழுதக் கிளார்க் முன்னால் கூச்சமாக இருக்கிறது. அன்றோடு அந்த வீட்டு வாசலை நாம் மிதிக்கவில்லை.

அந்தக் கடைசி நாள் எனக்கு மறக்கவில்லை. சாயங்காலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உன் வாயருகே முகர்ந்து பார்த்தேன். அழுகின பழம்போல இனிப்பு வாடை அடித்தது. திருடன் கையும் களவுமாய் அகப்பட்டான் என்று நினைத்தேன். “தின்னியா இல்லியாலே?” என்று கேட்டேன். “இல்லப்பா.” “அப்ப வாயில என்ன வாடை?” “தெரியலப்பா.” உன் அம்மா நடுவே வந்து, “எம்பிள்ள திங்கல. திங்கலன்னா திங்கல. நீங்க வேற என்னமும் பாருங்க” என்றாள். அவளைத் தள்ளிவிட்டேன். எத்தனை தடவை கேட்டேனோ, கடைசியில் நீ களைத்துப்போய், “ஆமாப்பா, தின்னேன்” என்றாய். “என்ன தின்ன?” என்றேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, எனக்கு என்ன பதில் வேண்டும் என்று கண்டுபிடித்து, “பால்கோவா” என்றாய். மறுநாள் காலையில் உனக்கு நினைவு தப்பிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே ஒரு டாக்டர், சின்ன வயதுக்காரர், மருந்து சீசாவைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். உள்ளே திரிந்த பால்போலத் திப்பி திப்பியாய் இருந்தது. “இத எங்க வச்சிருந்தீங்க?” என்றார். “ஐஸ் பெட்டியில சார்.” “ஒறஞ்சதா?” “காலையில கல்லு மாதிரி இருக்கும் சார், நான் உருட்டிக் கரைச்சிருவேன்.” அவர் சீசாவை மேசைமேல் வைத்தார். பிறகு, “ஒறஞ்சா மருந்து செத்துரும்யா. நீ இத்தன நாளும் உன் பிள்ளைக்கு வெறும் தண்ணியத்தான் குத்தியிருக்க” என்றார். அந்த வாடையைப் பற்றியும் கேட்டேன். அது தின்ற வாடை இல்லை, மருந்தில்லாமல் உடம்பு தன்னையே எரிக்கிற வாடை என்றார்.

வெளியே வந்தேன். பெஞ்சில் உன் அம்மா. “என்னவாம்?” என்றாள். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ஒரு வரிதான். அதை விழுங்கிவிட்டேன். “எல்லாம் ஒம்மவன் தின்ன பால்கோவாதான்” என்றேன். மருந்தும் பழசாம், புதுசு வாங்கணுமாம் என்று கூடவே சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சத்தமில்லாமல் சீசா மணல் பானைக்குத் திரும்பிவிட்டது. நீ எழுந்து நடமாடத் தொடங்கியதும் ‘ஏலே பால்கோவா’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று ஊருக்கே தெரியும், தெருவும் மில்லும் சேர்ந்து சிரித்தது, உன் கூட்டாளிகளும் பிடித்துக்கொண்டார்கள். பொய்யை ஒளித்து வைக்கக் கேலியைப் போல நல்ல இடம் வேறு இல்லை. பதினாலு வருஷம் அந்தப் பேரால் கூப்பிட்டிருக்கிறேன். நீ ஒருநாளும் கோபித்ததில்லை. தின்றதாக நீயே நம்பிவிட்டாயோ, பத்து வயதுப் பிள்ளைக்குக் மயக்கத்தில் நடந்ததும் அப்பன் சொன்னதும் ஒன்றாகிப்போனதோ என்று இப்போதுதான், உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான், எனக்கு உறைத்தது.

ஆகவே எழுதித் தருகிறேன், வைத்துக்கொள். நீ தின்னவில்லை. உனக்கு வாய்க்கட்டு இருந்தது. கொல்லையில் இரண்டு கடாய் கொதிக்க, மோரும் சுண்டலும் தின்றுவிட்டுத் திரும்பிய பிள்ளை நீ. ஊசி தோலைவிட்டு வெளியே வந்த பிறகும் மெஷின் ‘கொடுத்துவிட்டேன்’ என்று காட்டியதே, அதை ஒரு பகல் முழுக்க நம்பி வேலை பார்த்தேன். நீ ‘தின்னவில்லை’ என்று சொன்னதை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. சந்தேகப்படுவது தப்பில்லை மகனே. பிட்டருக்குச் சோறு போடுவதே அதுதான். எங்கே தொடங்குவது என்பதில்தான் நான் தவறினேன். என் கையிலிருந்த சீசாவை முதலில் பார்த்திருக்கவேண்டும்.

உன் அம்மாவிடம் முந்தாநாள் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்துபோய்த் தட்டில் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றவில்லை. இன்றும் ஊற்றவில்லை. நீ போன் செய்யும்போது என்னைக் கேட்காதே, முதலில் அவளிடம் பேசு. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அக்காவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. இன்னும் அதே கடாய்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, “இதச் சொல்லவா பதினாலு வருசம்? ராஜபாளையத்துலருந்து அரை மணிக்கு ஒரு பஸ் வருதேலே” என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்றாள். அடுப்பு அந்தப் பக்கம் இருந்தது. கிளம்பும்போது வாழையிலையில் ஒரு பொட்டலம் கட்டினாள். கட்டியவள் திரும்ப அவிழ்த்துவிட்டாள். “ஒனக்குக் கிடையாது. அவன் வரட்டும்” என்றாள்.

இனி உன் கேள்வி. உன்மேல் நம்பிக்கை இல்லாததால் பம்பு வேண்டும் என்றால், வேண்டாம். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தன்னை நம்பாதவன் கட்டிக்கொள்கிற சாமானில்லை அது. அதைத் தினமும் சந்தேகப்பட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நிதானமானவனாக இருக்கவேண்டும். அப்படிப்பட்டவன் நீ என்று தெரிந்து கட்டிக்கொள்வதானால், கட்டிக்கொள். விரலைக் குத்திப் பார்ப்பதை நிறுத்தாதே. பம்பு காட்டும் எழுத்தைப் படித்துவிட்டு, பனியனைத் தூக்கி ஊசியையும் ஒரு பார்வை பார். பையில் ஒரு சிரிஞ்சும் சீசாவும் எப்போதும் இருக்கட்டும். ஐஸில் வைக்காமல். சர்க்கரை ஏறினால் குழாயைச் சந்தேகப்படு, மருந்தைச் சந்தேகப்படு, அந்தச் சைக்கிள்காரியைச் சந்தேகப்படு, யோசனை சொல்கிற அப்பனையும் சந்தேகப்படு. உன்னை மட்டும் கடைசியில் வை. இல்லை, ஊசியே போதும் என்று தோன்றினாலும் சரிதான். பதினேழாம் வாய்ப்பாடு இன்னும் மறந்திருக்காது. இதில் என் உத்தரவைக் கேட்காதே. உத்தரவு போடுகிற தகுதியை நான் ஐஸ் பெட்டியில் வைத்துக் கெடுத்துவிட்டேன்.

லீவு கிடைத்து நீ வந்ததும் நேரே வீட்டுக்கு வரவேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கு, நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அத்தை வீட்டுக் கொல்லையில் உட்காருவோம். பம்பு இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்திக்கொள், இல்லாவிட்டால் ஊசியைக் கூட்டிப் போட்டுக்கொள். எவ்வளவு என்று உன் டாக்டரிடமே கேட்டுவிட்டு வா, என்னைக் கேட்காதே. நான் பக்கத்தில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருப்பேன், பழக்கம் விடாது. அத்தை கரண்டியில் எடுத்து இலையில் வைப்பாள். பதினாலு வருஷம் தின்ற பேரை மட்டும் சுமந்தாய். ஒரு வாய் தின்றுதான் பாரேன், அது எப்படித்தான் இருக்கிறதென்று.